ஆயில் விளக்கு மினுக்கும் பழைய வண்டி: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போவது

ஓடும்போது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையாமல் எரிந்தால், இதைப் படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் வண்டியை ஓரம் கட்டி என்ஜினை அணையுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவாக உருட்டிவிடலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்குக்கான ஸ்விட்ச், என்ஜின் ஆயிலின் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பிஎஸ்ஐக்குக் (பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு) கீழே விழுந்த பிறகுதான் விளக்கை ஏற்றும். விளக்கு வருவதற்குள், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகள் ஆயிலின்றிப் பட்டினி கிடக்கத் தொடங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விட்டு விட்டு மினுக்குகிறது, ஆயில் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் முன்பு நின்ற இடத்தில் நிற்பதில்லை, காலையில் தடதடக்கிறது என்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. மீதியெல்லாம் அவர்களுக்காக.

அறிகுறிக்குப் போகும் முன்

பம்ப்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பம்ப் செய்வது ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஆயிலைத் தள்ளுவது மட்டும். அந்த ஆயில் மெயின் பேரிங், கான்ராட் பேரிங், கேம் பேரிங் எல்லாவற்றின் இடுக்கிலும் நுழைந்து, கசிந்து, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கே திரும்புகிறது. இடுக்கு சின்னதாக இருந்தால் ஆயில் வெளியேறச் சிரமப்படும். அந்தச் சிரமம்தான் கேஜில் அழுத்தமாகத் தெரிகிறது. தேய்மானத்தால் இடுக்கு அகலமானால் சிரமம் குறையும், முள் இறங்கும்.

இதில் ஒரு கொடுமையான கணக்கு உண்டு. இடுக்கில் கசியும் அளவு, இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.05 மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 0.10 ஆனால் கசிவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். பல வருடம் ஒன்றும் தெரியாமல் ஓடிய என்ஜினில் திடீரென்று ஒரே வருடத்தில் அழுத்தம் சரிவது இதனால்தான்.

ஆயிலின் கெட்டித்தன்மையும் இதே கணக்கில் வருகிறது. சாதாரண 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்குக்கு (கெட்டித்தன்மையின் அலகு) மேல் இருக்கும். 100 டிகிரியில் சுமார் 14க்கு வந்துவிடும். காலையில் 60 பிஎஸ்ஐ காட்டிய வண்டி மதியம் சிக்னலில் 12 காட்டுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனவே குளிர்ந்த என்ஜினில் பார்த்த அழுத்தத்தை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்? உங்கள் வண்டியின் மேனுவலில் எண் இருந்தால் அதுதான் வேதம். இல்லாவிட்டால் மெக்கானிக்குகள் பிடித்துக்கொள்ளும் கணக்கு: சூடான என்ஜினில் ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ. 2000-இல் 20, 3000-இல் 30. இது விதி இல்லை, கைக்கணக்கு.

இன்னொன்று, இதுதான் முக்கியம். டாஷ்போர்டில் காட்டுவதை நம்பி ஆயில் மாற்றாதீர்கள், என்ஜின் இறக்காதீர்கள். ஆயில் ஸ்விட்சைக் கழற்றி, அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, சூடாக இருக்கும்போது ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் என்ஜின் ஓடும் நிலையில்) ஒரு தடவை, 2000 ஆர்பிஎம்மில் ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. இந்த இரண்டு எண்கள் கையில் இல்லாமல் பேசும் எல்லா யோசனையும் ஊகம்தான்.

சாவி போட்டதும் விளக்கே எரியவில்லை

நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது அந்த ஸ்விட்ச் மூடியிருக்கும், விளக்கு எரிந்தே ஆகவேண்டும். எரியவில்லை என்றால் பல்போ ஸ்விட்சோ போயிருக்கிறது, அல்லது ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறது. ஒயரைக் கழற்றி என்ஜின் பிளாக்கில் தொடுங்கள். எரிந்தால் ஸ்விட்ச் பழுது. எரியாவிட்டால் பல்பையும் ஒயரையும் பாருங்கள். பழைய வண்டி வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். விளக்கு எரியாத வண்டியில் யாரோ ஒருவர் அந்த ஒயரை வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

கேஜ் முள் துள்ளுகிறது, அல்லது பூஜ்யத்திலும் உச்சியிலும் ஒட்டிக்கொள்கிறது

அழுத்தம் அப்படித் துள்ளாது, மின்சாரம்தான் துள்ளும். ஒற்றை ஒயர் உள்ள சென்டருக்கு, அதாவது கேஜுக்கு அழுத்தத்தைச் சொல்லும் சென்சாருக்கு, எர்த் அதன் மரை வழியாகத்தான் கிடைக்கிறது. கசியக்கூடாது என்று யாராவது அதில் வெள்ளை டேப்பைச் சுற்றி வைத்திருந்தால் எர்த் கெட்டுப்போகும். பெட்ரோல் கேஜும் டெம்பரேச்சர் கேஜும் சேர்ந்தே பொய் சொன்னால், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்கலாம்.

சூடான பிறகு ஸ்லோவில் மட்டும் விளக்கு மினுக்குகிறது

பழைய வண்டிக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. பதில் பெரும்பாலும் "என்ஜின் போயிற்று" என்று வரும். அவசரப்படாதீர்கள், வரிசையாகப் போவோம்.

முதலில் டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து, துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் ஸ்லோ எத்தனை ஆர்பிஎம் என்று பாருங்கள். 800-இல் இருக்கவேண்டியது 550-இல் தள்ளாடிக்கொண்டிருந்தால் பம்ப் தள்ளும் அளவே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருப்பினால் தீர்ந்துபோகும் நோய்க்கு என்ஜினை இறக்கிய கதைகள் உண்டு.

அதற்குப் பிறகு மெக்கானிக்கல் கேஜ். சூடான ஸ்லோவில் 10 பிஎஸ்ஐயும் 2000-இல் 25-க்கு மேலும் காட்டினால் உங்கள் ஸ்விட்ச்தான் பொய் சொல்கிறது. மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். ஸ்லோவில் 5, 2000-இல் 25 என்றால் ஆயில் இளகியிருக்கிறது அல்லது பேரிங் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது. இரண்டிலும் குறைவு, 2000-இல் 12 பிஎஸ்ஐ மட்டும் என்றால் ரிலீஃப் வால்வு (அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடுவது), பம்ப், ஸ்ட்ரெய்னர் (சம்பிலிருந்து பம்ப் ஆயில் இழுக்கும் வலை) ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். தேய்மானம் முற்றிப்போயிருந்தாலும் இப்படி வரும். அந்தச் சந்தேகத்தைப் பிரிக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: குளிர்ந்த என்ஜினிலும் அழுத்தம் குறைவா? பேரிங் தேய்ந்த என்ஜின் குளிரில் ஓரளவு நல்ல எண்ணைக் காட்டிவிடும், ஏனென்றால் கெட்டியான ஆயில் அகலமான இடுக்கிலும் சிரமப்படும். குளிரிலும் ஏறவில்லை என்றால் ஆயில் பேரிங்குக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எங்கோ வழிமாறுகிறது.

ரிலீஃப் வால்வு சில என்ஜின்களில் பிளாக்கின் வெளிப்பக்கம் ஒரு பெரிய மூடி நட்டுக்குள் இருக்கும். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சம்பைக் கழற்றாமலே வெளியே எடுத்துவிடலாம். உள்ளே உருளையின் மேல் ஒரு சிறு பிசிறு சிக்கி அதைத் திறந்தபடி பிடித்து வைத்திருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, தன் துளையில் தானாக வழுக்கி இறங்குகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

இங்கேதான் ஒரு பழைய வைத்தியம் வரும்: ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் போடுவது. சூடான ஸ்லோவில் அந்த வால்வு மூடித்தான் இருக்கிறது. அது திறப்பது 50, 60 பிஎஸ்ஐ வந்த பிறகு. மூடியிருக்கும் கதவை இன்னும் இறுக்கி மூடினால் உள்ளே கூட்டமா சேரும்? வாஷர் போட்டால் கூடுவது குளிர்ந்த என்ஜினின் உச்ச அழுத்தம் மட்டும்தான். அது ஃபில்டர் சீலைப் பிதுக்கும்.

பேரிங்தான் என்று ஓரளவு உறுதியானால், ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்தால் எல்லாம் தெரிந்துவிடும். சாம்பல் நிற மினுமினுப்பு என்றால் பேரிங்கின் மேல்பூச்சு உதிர்கிறது. செம்பு நிறம் தெரிந்தால் மேல்பூச்சு தாண்டி உள்ளடுக்கு வரை தேய்ந்துவிட்டது, நாள் தள்ளாதீர்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு: கேம், டேப்பெட், ரிங், சிலிண்டர் சுவர் இவற்றில் ஏதோ ஒன்று. சம்பைக் கழற்றி, நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் நூலை வைத்து அளந்தால் சந்தேகமே இருக்காது. கிராங்க் ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதியின்) விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 0.05 அளவில் இருப்பது நலம்; விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கடைசல்காரர்களின் கைக்கணக்கு.

ஆயில் குறையவில்லை, ஏறுகிறது

இந்த ஒன்றில் நானே ஏமாந்திருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டி ஒன்றில் மூன்று மாதம் ஆயில் ஊற்றவே தேவைப்படவில்லை. என்ஜின் இளமையாகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சிக்னலில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. மூக்கருகில் கொண்டுபோனதும் விஷயம் புரிந்தது: பெட்ரோல் வாடை. என்ஜின் பக்கவாட்டில் இருந்த மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து, பெட்ரோல் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. எரிந்த ஆயிலும் வந்து சேர்ந்த பெட்ரோலும் சமமாக இருந்ததால் மூன்று மாதம் கோடு அசையவில்லை.

பெட்ரோல் வாடை வந்தால் டயாஃப்ரத்தையும் கார்புரேட்டரின் ஃப்ளோட் நீடிலையும் பாருங்கள். சோக் முழுதாகத் திறக்காமல் இருப்பதும் இதே வேலையைச் செய்யும். டீசல் வண்டியில் இன்ஜெக்‌ஷன் பம்ப் சீல் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். காரணத்தைச் சரி செய்துவிட்டு ஆயிலை முழுதாக மாற்றவேண்டும். பாதி வடித்து பாதி ஊற்றுவது வேண்டாம். அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி நிறைந்த கிராங்க்கேஸ் தீ ஆபத்தும்கூட.

வாடை இல்லாமல் ஆயில் பாலாடைபோல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் கேஸ்கட், வெடிப்பு, ஆயில் கூலர். ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெண்பசை இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பதறவேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் என்ஜின் முழுதாகச் சூடாகாததால் உள்ளே சேரும் ஈரம் அங்கே படியும். ஒரு நீண்ட ஓட்டம் விட்டுப் பாருங்கள். கூலன்ட் குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் இருக்காது. கூலன்டில் உள்ள கிளைக்கால் பேரிங் உலோகத்தை அரிக்கும் என்பதால், கலந்தது உறுதியானால் அந்த ஆயிலில் ஒரு கிலோமீட்டரும் வேண்டாம்.

நீங்களே அதிகமாக ஊற்றியிருந்தால்? கிராங்க் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் பாதி காற்று. காற்றை நசுக்கலாம், பேரிங்கைத் தாங்க அது உதவாது. கூடுதலை வடித்துவிடுங்கள்.

திருப்பத்திலும் பிரேக்கிலும் மட்டும்

ஆயில் அளவு குறைவு. பத்தில் ஒன்பது முறை வேறு ஒன்றும் இல்லை.

வேகமாகப் போகும்போது அழுத்தம் இறங்கி, நிறுத்திவிட்டு எடுத்தால் திரும்ப வருகிறது

சாதாரணத்துக்கு நேர்மாறான இந்த நடத்தை ஸ்ட்ரெய்னரைக் காட்டுகிறது. சம்பின் அடியில் இருக்கும் கம்பி வலையைக் கரிப்பிசின் மூடியிருக்கும். மெதுவாக ஓடும்போது தேவையான ஆயில் எப்படியோ வந்துவிடும். வேகம் கூடினால் பம்ப் இழுக்கும் அளவுக்கு வலை வழிவிடாது. அணைத்து வைத்தால் ஒட்டியிருந்த கசடு தளர்ந்து விழும், சற்று நேரம் நன்றாக ஓடும், மறுபடி அதே கதை. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ராக்கர் மேல் தார் போலப் படிந்திருந்தால் சம்புக்குள் என்ன இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இந்த நிலையில் பலரும் செய்வது ஃப்ளஷ் ஆயில் ஊற்றுவது. இத்தனை வருடம் சுவரில் ஒட்டியிருந்ததை ஒரே மணி நேரத்தில் பெயர்த்து, ஏற்கெனவே பாதி அடைபட்ட வலைக்கு அனுப்பி வைப்பதுதான் அது. சம்பைக் கழற்றிக் கையால் கழுவுங்கள். முடியாவிட்டால் நல்ல டிடர்ஜென்ட் உள்ள ஆயிலை ஊற்றி, முதல் இரண்டு தடவை 1000, 1500 கிலோமீட்டரில் மாற்றி, மெதுவாகக் கரைய விடுங்கள்.

ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் காய்ந்து பம்ப் காற்றை இழுத்தாலும் இதே போலத் தெரியும். சோதிக்க ஒரு தந்திரம்: தற்காலிகமாக அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிப் பாருங்கள். காற்று புகும் இடம் ஆயிலில் மூழ்கி அழுத்தம் சரியானால் அந்த ஓ-ரிங்தான். சோதனை முடிந்ததும் கூடுதலை வடித்துவிட மறக்கவேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தடதட, பிறகு அடங்குகிறது

விளக்கு இரண்டு மூன்று விநாடியில் அணைந்தால் சரி. ஐந்தாறு விநாடி எடுத்துக்கொண்டால் ஃபில்டரைப் பாருங்கள். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் இரவில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் மடல் இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சில மாதங்களிலேயே விறைத்துவிடும். தரமான ஃபில்டர் மாட்டியதும் போய்விடும் தடதடப்பு நிறைய.

போகவில்லை என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். மேலே, மெல்லிய டிக்டிக் என்றால் டேப்பெட். கீழே, ரேஸ் கொடுத்து விடும்போது டக்டக் என்று வந்தால் கான்ராட் பேரிங். பழைய பாயின்ட் இக்னிஷன் வண்டியில் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பாருங்கள். எந்த சிலிண்டரில் சத்தம் குறைகிறதோ அங்கேதான் கோளாறு. எலக்ட்ரானிக் இக்னிஷனில் இப்படிச் செய்தால் யூனிட் போய்விடும், கையும் உதறும்.

அழுத்தம் அதிகமாக இருக்கிறது

அரிதாக வரும், ஆனால் மகிழ்ச்சிக்குரியதில்லை. மூடியபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, அல்லது தேவைக்கு மேல் கெட்டியான ஆயில். ஃபில்டர் உப்பினாலோ அதன் சீல் பிதுங்கினாலோ உடனே நிறுத்துங்கள்.

ஆயில் குறைந்துகொண்டே போகிறது

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குபுக் நீலப்புகை என்றால் வால்வு சீல். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். புகையே இல்லாமல் கீழே சொட்டினால், சீல் வாங்கப் போகும் முன் கிராங்க்கேஸ் பிரீதரைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்காற்று வெளியேற வழியின்றி நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு வரும்.

இனி, எந்த ஆயில்?

டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போது ஆயில் எவ்வளவு எளிதாக நகரும் என்பதற்கு. 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரியிலும் 5டபிள்யூ மைனஸ் 30-லும் சோதிக்கப்படும். பின்னுள்ள எண்தான் சூடான என்ஜினில் உங்கள் கேஜைத் தீர்மானிப்பது. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக், 40 கிரேடு 12.5 முதல் 16.3, 50 கிரேடு 16.3 முதல் 21.9. ஒவ்வொரு கிரேடுக்கும் இப்படி ஒரு அகலம் இருப்பதால் இரண்டு கம்பெனிகளின் 40-க்கு நடுவே கேஜ் வித்தியாசம் காட்டுவது இயல்பு.

மேனுவல் சொன்ன கிரேடில் ஆரம்பியுங்கள். அளந்து பார்த்து, பெட்ரோல் கலப்பும் ஸ்ட்ரெய்னர் அடைப்பும் ரிலீஃப் வால்வுக் கோளாறும் இல்லை என்று தெரிந்து, மிதமான தேய்மானம்தான் காரணம் என்றால், பின் எண்ணில் ஒரு படி மேலே போகலாம்: 30-இலிருந்து 40, 40-இலிருந்து 50. அது தேய்மானத்தைக் குணப்படுத்தாது, காலத்தை நீட்டிக்கும். ஆனால் பேரிங் தட்டும் என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றி ஊமையாக்கி விற்பது வேறு விஷயம். ஒரு படிக்கு மேல் போகவேண்டிய நிலை வந்தால் பிரச்சினை ஆயிலில் இல்லை. கெட்டி ஆயில் குளிரில் ஃபில்டரின் பைபாஸைத் திறந்து, வடிகட்டப்படாமலே பேரிங்குக்குப் போகும்.

அடுத்து, டப்பாவில் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏபிஐ எழுத்து. எஸ்ஏ என்று போட்ட ஆயிலில் எந்தச் சேர்மானமும் இல்லை. 1930-க்குப் பிறகு வந்த என்ஜின்களுக்கு அது பொருந்தாது. விலையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். எஸ்என், எஸ்பி போன்ற புதியவை பழையவற்றுக்கு மாற்றாகவே வகுக்கப்பட்டவை என்றாலும், தட்டையான டேப்பெட் உள்ள பழைய என்ஜின்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கேம் முனையும் டேப்பெட்டும் உரசும் இடத்தைக் காப்பது ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மானம். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுப்பதால், எஸ்எம் தரத்திலிருந்து 20, 30 கிரேடு மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 40, 50 கிரேடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. எனவே பழைய என்ஜினுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 பொருத்தமாக இருப்பதற்குக் கெட்டித்தன்மை மட்டுமே காரணமில்லை. டீசலில் சிஐ-4, சிகே-4 இரண்டும் சரி. எஃப்ஏ-4 என்று இருந்தால் வைத்துவிடுங்கள், அது புதிய என்ஜின்களுக்கான மெல்லிய வகை.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய என்ஜின் ஒழுகும் என்பது ஆரம்பகால சிந்தெடிக்குகள் சீலைச் சுருக்கிய காலத்துப் பயம். இன்றைய ஆயில்கள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் வெடித்த சீலைப் பிசின் அடைத்துக்கொண்டிருந்தால் அதைச் சுத்தம் செய்துவிடும். ஒழுகல் அப்போது வெளியே தெரியும். மாதத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு விலை உயர்ந்த சிந்தெடிக் ஊற்றுவது எனக்கு வீண்செலவாகவே படுகிறது. மினரல் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றுவது மேல்.

பைக்கில் கிளட்ச் அதே ஆயிலில் மூழ்கியிருந்தால் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று (அத்தகைய கிளட்சுக்கான தரக்குறி) இருக்கிறதா பாருங்கள். கார் ஆயில் ஊற்றிவிட்டு கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்று பிளேட் மாற்றியவர்கள் பலர்.

கிரேடு மாற்றிய நாளில் மெக்கானிக்கல் கேஜை மறுபடி மாட்டி அதே இரண்டு எண்களையும் எடுத்து, கிலோமீட்டரோடு சேர்த்து ஃபில்டரின் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த ஆயில் மாற்றும்போது பழைய எண் கண்ணெதிரே இருக்கும்.